வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வாங்கிய பிரெட்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீடாமங்கலத்தில் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். பிள்ளைகளுக்கு இட்லியும் இறங்கவில்லை, தோசையும் இறங்கவில்லை. "அத்தை, இந்த ஊர்ல சாண்ட்விச்கூடக் கிடைக்காதா?" என்று சின்னவன் கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அரை மணி நேரத்துல செஞ்சு தரேன் பாரு" என்று சவால் விட்டேன். மழை விடட்டும் என்று கணவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

கடைத்தெருவில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி, நாங்கள் வழக்கமாக வாங்கும் பேக்கரி மட்டும் திறந்திருந்தது. அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. என்ன வியாபாரம் ஆனாலும் கடைசி பிரெட்டை மட்டும் விற்காமல் மேல்தட்டில் எடுத்து வைத்துவிடுவார்கள். நம் பக்கம் பிரெட் என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடுதானே? உடம்பு முடியாத யாருக்காவது அவசரத்துக்கு வேண்டியிருக்கும் என்று கடை மூடும்வரை அது அங்கேயே இருக்கும்.

அன்றைக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். "அது நோயாளிக்குன்னு வச்சதுக்கா. காலைல வாங்க, புதுசு வந்துடும்" என்றார் கடைக்காரர்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்குத்தாங்க. மூணு நாளா காய்ச்சல்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகமே மாறிவிட்டது. "மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" என்று பிரெட்டை எடுத்து, மழையில் நனையாமல் இரண்டு கவர் போட்டுக் கொடுத்தார். "பால்ல நனைச்சுக் குடுங்க. ஜெபத்துல சாரை நெனைச்சுக்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

வரும்போது கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். பக்கத்தில் நின்ற ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். "இங்க பேக்கரி ஏதாவது தொறந்திருக்காம்மா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தன் அம்மாவைக் குடவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். "ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல. இப்ப பாலும் பிரெட்டும் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பசிக்குதுன்னு அழுவுறாங்க."

பிரெட் என் காலடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். சாண்ட்விச் செய்து தருவதாகச் சவால் விட்டுவிட்டு நாத்தனார் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பதா என்று தோன்றியது. "அதோ, அந்தக் கடைல இருக்கும்" என்று கையைக் காட்டினேன். அவர் மழையில் ஓடினார்.

கேட் திறந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எனக்கோ ஆட்டோவுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைத் தாண்டிப் போக முடியவில்லை. அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

"இப்பதாங்க ஒரு காய்ச்சல்காரருக்குக் குடுத்தேன். கொஞ்சம் இருங்க, வேற எங்கயாவது கேட்டுப் பாக்குறேன்" என்று கடைக்காரர் அவரிடம் சொல்லியபடியே யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் பிரெட்டை அந்த மனிதர் கையில் திணித்தேன். "எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல யாருக்கும் காய்ச்சல் இல்ல, பொய் சொல்லி வாங்கிட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆட்டோவை நோக்கி ஓடினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நன்றாகத் திட்டட்டும், இனி இந்தக் கடை வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் போனை வைத்தார்.

"அப்ப சார் நல்லாத்தான் இருக்காரா?"

"நல்லா இருக்காருங்க."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று பிள்ளைகளுக்குத் தோசைதான். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி, மறுநாளே மறந்திருப்பேன். நான் ஏமாற்றியதைவிட என் கணவருக்கு ஒன்றுமில்லை என்பது அவருக்குப் பெரிதாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.