சத்தமில்லாத பூட்டு

காருக்குள்ள ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல முழங்கை வச்சுக்க ஒரு மூடி இருக்குமே, பார்த்திருப்பீங்க. இழுத்தா முன்னாடி வரும், தள்ளினா பின்னாடி போகும், அங்கங்க நின்னுக்கும். அது நிக்கிறதுக்கு உள்ள ஒரு குட்டிப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டை வரையிறதுதான் என் வேலை. ஒரகடத்துல கார் பார்ட்ஸ் செய்யிற ஒரு கம்பெனி, டிசைன் செக்‌ஷன். கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க கேப்பாங்க, "இன்ஜினியரிங் படிச்சுட்டு கை வைக்கிற பலகைக்குத் தாழ்ப்பாளா போடற?"ன்னு. ஆமா, தாழ்ப்பாள்தான். பிரேக் போடும்போது உங்க கை ஆடாம நிக்குதில்ல, மூடிக்கிட்டு சாப்பிடுங்கன்னு சொல்லத் தோணும். சொன்னதில்ல.

பழைய பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு. இரும்புப் பின் போய் இரும்புப் பல்லுல விழும், 'டக்'குனு ஒரு சத்தம் வரும். கார் கம்பெனிக்காரனுக்கு அந்த 'டக்' பிடிக்கல. விலை கூடின மாடலாம், சத்தம் வந்தா மலிவா தெரியுதாம். அதோட மூடிக்கு அடியில போன் சார்ஜர் வைக்க இடம் வேணும், அதனால பூட்டைப் பாதியா சுருக்கணும். சத்தமும் வரக்கூடாது, இடத்தையும் அடைக்கக்கூடாது, ஆனா பிடி மட்டும் உடும்புப் பிடியா இருக்கணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஆறு மாசம் உயிரை விட்டேன். பின்னுக்கு பிளாஸ்டிக் உறை போட்டேன், பல்லைச் சாய்ச்சேன், நட்டுக்க நின்ன ஸ்பிரிங்கைப் படுக்க வச்சேன். ஒவ்வொரு தடவையும் எங்கயாவது ஒண்ணு இடிக்கும். சத்தம் போனா பிடி போகும், பிடி வந்தா இடம் பத்தாது. கடைசியா ஒரு நாள் டெஸ்ட் ரூம்ல, கதவைச் சாத்திட்டு, மைக் வச்சு மூடியைத் தள்ளினோம். போய் நின்னுச்சு. ஒரு சத்தமும் இல்ல. அன்னைக்கு கேன்டீன்ல எல்லாருக்கும் நான்தான் பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன்.

அந்தப் பூட்டை அசெம்பிளி லைன்ல மாட்டுறது ஒரு அக்கா. என்னை மாதிரியே குன்றத்தூர்ல இருந்து வர்றவங்க, ஒரே கம்பெனி பஸ். ஸ்டாஃப் முன்னாடி, காண்ட்ராக்ட் பின்னாடின்னு எவனும் எழுதி ஒட்டல, ஆனா அப்படித்தான் உக்காருவோம். அந்த அக்கா ஏழு வருஷமா காண்ட்ராக்ட். அந்த வருஷம் பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல அவங்க பேர் இருக்குன்னு பேச்சு. ஒரு நாள் பஸ் கூட்டத்துல என் பக்கத்துல நின்னுக்கிட்டு சொன்னாங்க: "சம்பளம் ஏறுதோ இல்லியோ மேடம், அது வேற. இப்ப நாளைக்கு வராதன்னா வராததுதான். பர்மனென்ட் ஆயிட்டா ஒரு கேள்வியாச்சும் கேட்டுட்டுதானே அனுப்புவான்? எனக்கு அது போதும்."

புதுப் பூட்டு லைனுக்கு வந்த முதல் நாள் நான் பந்தாவா இறங்கிப் போனேன். லைன்ல இருக்கிற இரைச்சல் உங்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் ஸ்க்ரூ முடுக்குற ஏர் கன், ஒரு பக்கம் கன்வேயர், பக்கத்துல நிக்கிறவங்க கத்தினாத்தான் கேக்கும். அதுல அந்த அக்கா வேலை செய்யிற அழகைப் பார்க்கணும். கை பூட்டை அழுத்தும், கண்ணு அதுக்குள்ள அடுத்த ஸ்க்ரூவுக்குப் போயிருக்கும். ஒர்க் ஷீட்ல 'பூட்டு முழுசா மாட்டியதைக் கண்ணால் பார்க்கவும்'னு எழுதி, படம் போட்டு, கண்ணு எதிர்லயே தொங்கவிட்டிருக்கோம். எவன் பார்ப்பான்? அந்த வேகத்துல பார்க்க முடியாது. அங்க எல்லாரும் காதுலதான் செக் பண்ணுவாங்க. 'டக்'குனு கேட்டா ஓகே, கேக்கலன்னா திரும்ப அழுத்து. எந்தப் பேப்பர்லயும் இல்லாத வேலைமுறை. அத்தனை இரைச்சல்லயும் தன் பீஸோட 'டக்' மட்டும் அந்த அக்காவுக்குத் தனியா கேக்கும்.

புதுப் பூட்டை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"இன்னா மேடம் இது, சத்தமே காணோம்? மாட்டிக்கிச்சா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடச்சீ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எனக்கு அது பாராட்டா கேட்டுச்சு! "அதுக்குத்தானேக்கா ஆறு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்"னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல. "இல்ல மேடம், நான் காதுலதான் வேலை செய்யறேன்"னாங்க. தோளைத் தட்டிக் குடுத்துட்டு மேல வந்துட்டேன். வந்தது மட்டுமா, அடுத்த ரிவ்யூ மீட்டிங்ல அதையே ஜோக்கா சொன்னேன். "லைன்ல மாட்டுறவங்களுக்கே சத்தம் கேக்கலையாம் சார்." கை தட்டினாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு பீஸ் திரும்பி வர ஆரம்பிச்சுது. பூட்டு பாதி மாட்டி, பாதி மாட்டாம. கார் கம்பெனி டிராக்ல ஓட்டிப் பார்க்கிறவர் பிரேக் போட, மூடி விருட்டுன்னு முன்னாடி ஓடி கியர்ல இடிச்சிருக்கு. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. ஆனா காரணம் கேட்டு ரிப்போர்ட் வேணும்னுட்டாங்க.

எங்க பக்கம் ரிப்போர்ட்டுக்கு ஒரு சடங்கு உண்டு. 'ஏன்'னு அஞ்சு தடவை கேக்கணும், அஞ்சாவது பதில்தான் நிஜக் காரணம். மேனேஜர் போர்டுல எழுதிக்கிட்டே வந்தார். மூடி ஏன் ஓடுச்சு? பூட்டு மாட்டல. ஏன் மாட்டல? முழுசா அழுத்தல. ஏன் அப்படியே அனுப்பினாங்க? ஆபரேட்டர் கவனிக்கல. நாலாவது 'ஏன்' எழுதிட்டு பேனாவை மூடினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"டிசைன் சைடுல ஏதாவது இருக்காம்மா?"

அந்த வருஷம் என்னை டீம் லீட் ஆக்கறதா பேச்சு. அதுக்குக் காரணமே இந்தப் பூட்டுதான். பதில் நுனி நாக்குல நிக்குது. அந்தம்மா முதல் நாளே என்கிட்ட சொன்னாங்க சார், நான்தான் காதுல வாங்கிக்கலன்னு ஒரு வரி. வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? இல்ல. நல்லாத்தான் பேசினேன். "டிராயிங் படி எல்லாம் சரியா இருக்கு சார்."

நாலாவது 'ஏன்'னை அழிச்சுட்டு 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'ன்னு எழுதி முடிச்சார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கீழ நாலு கையெழுத்து, அதுல என்னுது ரெண்டாவது. அடுத்த வாரம் பஸ்ல அந்த அக்கா இல்ல. ஒரு கேள்வி கேக்கல, கேட்லயே கார்டை வாங்கிக்கிட்டாங்களாம்.

அப்புறம் நடந்த கூத்தையும் கேளுங்க. அந்த இடத்துல ஒரு சென்சார் வச்சு, பூட்டு முழுசா மாட்டினா 'பீப்'புனு கத்துற மாதிரி ஒரு பெட்டி மாட்டினாங்க. ஒரு நாள் வேலை. அதை முதல் நாளே மாட்டியிருக்கலாம், எவனாவது அந்த அக்கா சொன்னதைக் கேட்டிருந்தா. எவனாவது என்ன எவனாவது, நான்.

நான் டீம் லீட் ஆயிட்டேன். போன மாசம் குன்றத்தூர் கடைத்தெருவுல கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தேன், "மேடம்"னு குரல். அந்த அக்காதான். இளைச்சிருந்தாங்க. ஏதோ குடோன்ல பேக்கிங் வேலையாம், அங்கயும் காண்ட்ராக்ட்தான். திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சாமி சத்தியமா, அதுக்குத் தயாராத்தான் நின்னேன்.

என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சூப்பர்வைசர் சொன்னாரு மேடம். மீட்டிங்ல எனக்காக நீங்க ஒருத்தர்தான் பேசினீங்களாம். அவ்ளோ பெரிய ஆளுங்க முன்னாடி. உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்னு எத்தினி நாளா நினைச்சிக்கினு கீறேன்."

அந்தாளு ஏன் அப்படிப் பொய் சொன்னாரோ தெரியல. கேட்ல கூச்சல் போடாம போகட்டும்னு சொல்லியிருப்பார். ஆனா அங்க இப்ப மேனேஜர் இல்ல, போர்டு இல்ல, பறிபோக எனக்கு ஒண்ணும் இல்ல. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்க்கா"ன்னேன். "யாரும் கேக்கல."