அத்தானின் ஏழு துவக்குகள்

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விரித்த ஆங்கிலப் பத்திரிகையின் மேல் அந்தத் துவக்கு கிடந்தது. நான் இலண்டனுக்கு வந்து இறங்கிய முதல் நாள் அது. நகரின் தெற்கு ஓரத்தில், சட்டனில் அவர்கள் இருந்த வீட்டுக்குள் நுழைந்தவள், சூட்கேஸின் பிடியை விடாமல் அப்படியே நின்றுவிட்டேன். துவக்கைக் கண்டால் நிற்கவேண்டும், கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று இருபது வயதுவரை பழகிவந்த உடம்பு. மேசையின் ஒரு மூலையில் இடியப்பமும் சொதியும் எனக்காக மூடி வைக்கப்பட்டிருந்தன. மிச்சம் முழுவதையும் துவக்கு பிடித்திருந்தது. நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கறுத்த மரம், அதைவிடக் கறுத்த இரும்பு. விமான நிலையத்திலிருந்து என்னைக் கூட்டிவந்த அத்தான், நான் நிற்பதைக் கண்டு, ஏதோ கழுவாத பாத்திரத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்பவர்போலச் சொன்னார்: “பயப்பிடாதை பிள்ளை. இதுக்குப் போடத் தோட்டா இப்ப ஒரு கடையிலயும் இல்லை.”

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். பஸ் கராஜில் மெக்கானிக். அதிகம் பேசாதவர். வேலையால் வந்து குளித்து, ஒரு தேத்தண்ணீர் குடித்தபின் மேசையில் பத்திரிகையை விரிப்பார். அவர் சேர்த்தவை எல்லாம் ஒரே வகை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் படைகள் தூக்கித் திரிந்த, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய துவக்குகள். விசைக்குக் கீழே இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாய் திறக்கும். ஒரு தோட்டாவை வைத்து, லீவரை மேலே இழுத்து மூடி, சுடவேண்டும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. நான் வந்தபோது அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது ஏழாகியது. சில, நேபாளத்தில் ஒரு பழைய அரண்மனைக் கிடங்கில் குவிந்து கிடந்து பின்னர் இங்கே விற்பனைக்கு வந்தவை. நூறு வருடத்துக் கொழுப்பும் தூசும் மெழுகுபோல இறுகிப் பிடித்திருக்கும். அத்தான் ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவி, அந்த அழுக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். ஒரு துவக்குக்கு நாலைந்து மாதம் போகும். ஒருநாள் மரத்தின் அடியில் நாகரி எழுத்தில் வெட்டப்பட்ட ஒரு எண் வெளியே வந்தபோது, என்னையும் அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் மூவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை.

அக்காவுக்கு அவற்றைப் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீட்டில் எண்ணெய் மணக்குது, ஆட்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று புறுபுறுத்துக்கொண்டே இருப்பாள். வந்த ஆட்களும் கேட்டார்கள். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஒருவர் ஏன் துவக்குச் சேர்க்கிறார் என்பது எல்லாருக்கும் வரும் கேள்விதானே. அத்தானும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு பதில் சொன்னார். கோயிலில் பழக்கமானவர்களிடம், பழைய சாமான் விலை ஏறும் என்றார். கராஜில் கூட வேலை செய்தவர்களிடம் இரும்பின் தரத்தைப் பற்றிச் சொன்னாராம். ஒருமுறை நான் கேட்டபோது, லீவரைத் தள்ளித் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்: “ஒண்டைச் சுட்டிட்டு மற்றதைப் போடுற நேரத்துக்குள்ள ஒருத்தன் யோசிக்கலாம் பிள்ளை.” நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். நிற்காமல் சுடும் துவக்குகளின் நடுவில் வளர்ந்த எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் வேறென்ன என்று பல பேரிடம் சொல்லித் திரிந்தேன். பிறகு நூலகத்தில் தேடி வாசித்தபோது, இந்தத் துவக்குகளைக் கொண்டு எத்தனை நாடுகளில் எத்தனை சனத்தைச் சாய்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒருவரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. அதை அவரிடம் சொன்னேன். ஓம், எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் கல்யாணம் செய்து விம்பிள்டனுக்கு வந்தேன். என் கணவர் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அத்தானை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அத்தானில் ஒரு மரியாதை, துவக்குகளில் ஒரு சின்னப் பயம். அப்படியிருக்க ஒரு சனிக்கிழமைக் காலை, சொல்லாமல் கொள்ளாமல் அத்தானும் அக்காவும் காரில் வந்து இறங்கினார்கள். பின்சீட்டை மடித்து ஏழு துவக்குகளையும் நீளவாக்கில் கிடத்தியிருந்தார்கள். “இதுகளை உனக்குத் தாறன். உன்ர பேரில வைச்சிரு. வீட்டில இடம் காணாது,” என்றார் அத்தான். ஒவ்வொன்றாக ஏழு துவக்கு வந்து சேர்ந்த வீட்டில் திடீரென்று எப்படி இடம் போனது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கடதாசியும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு துவக்கின் விவரமும், அவற்றை எனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக ஒரு வரியும், கையெழுத்தும். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எங்கள் வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். புற்றுநோயாக இருக்கலாம், இருப்பதை எல்லாம் பிரித்துக் கொடுக்கிறார் என்று. அக்காவுக்கு போன் எடுத்துக் கேட்டேன். வருத்தம் ஒன்றுமில்லை, கேள்வி கேட்காமல் வைத்திரு என்று சொல்லி வைத்துவிட்டாள். துவக்குகள் எங்கள் லொஃப்டுக்கு, கூரைக்குக் கீழே இருக்கும் பரணுக்குப் போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தான் தவறாமல் வந்தார். நான் ஒரு துவக்கை இறக்கிக்கொண்டு வந்து தரையில் வைப்பேன். அவர் கதிரையில், இரண்டு கைகளையும் முழங்காலில் பதித்தபடி உட்கார்ந்திருப்பார். எந்த இடத்தில் எண்ணெய் போடுவது, எந்தத் துணியால் துடைப்பது, எந்த ஆணியைத் தொடக்கூடாது என்று வாயால் சொல்வார். கை நீட்டமாட்டார். முன்பெல்லாம் அக்கா தூசு தட்டக்கூட விடாத மனிதர். கை நடுங்கத் தொடங்கிவிட்டது, அதை மறைக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது அந்தக் கைகள் நடுங்கவில்லை என்பதைக் கண்டும் காணாமல் இருந்தேன்.

ஒரு ஞாயிறு, லீவர் இறுகிப்போய் எனக்குத் திறக்க வரவில்லை. எழும்பி, நீங்களே பாருங்கோ அத்தான் என்று துவக்கை அவருடைய மடியில் வைத்துவிட்டேன். நெருப்புப் பட்டதுபோல அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். துவக்கு மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. கைகளை இறக்காமலே எழும்பி, அதைக் கடந்து வாசல்வரை போனார்; அங்கேதான் கைகளை இறக்கி, மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கைகளை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். சோதனைச் சாவடிகளில் எங்கள் ஊர் ஆம்பிளைகள் அப்படித்தான் தூக்குவார்கள். ஆனால் இங்கே அவருக்கு முன்னால் நின்றது நான்தான்.

அடுத்த நாள் அக்கா தனியே ரயிலேறி வந்தாள். என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள். என்னுடைய கல்யாணத்துக்கு, அவளுடைய கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால், அத்தான் பிரான்சிலிருந்து ஒரு வேனில் ஆட்களை ஒளித்துக்கொண்டு வந்து பிடிபட்டவர். நாலு வருடத் தண்டனை. இப்போது சட்டம் மாறிவிட்டது. முன்பு பழந்துவக்குகளை அலங்காரப் பொருளாக யாரும் வைத்திருக்கலாம். இனி, மூன்று வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர்கள் பழந்துவக்கைக்கூட வாழ்நாள் முழுக்க வைத்திருக்க முடியாது. கண்காட்சி ஒன்றில் கொடுத்த துண்டுக் கடதாசியில் அத்தான் அதை வாசித்திருக்கிறார். இன்னொரு முறை உள்ளே போக ஏலாது என்று அன்றிரவே சொன்னாராம்.

“அந்த வேனில ஆர் வந்தது?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நான் வந்தனான்,” என்றாள் அக்கா. “என்னோட வேற மூண்டு பேர்.”

அக்காவின் கல்யாணம் ஜேர்மனியில் இருக்கும் சொந்தக்காரர் பேசிச் செய்தது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது. அம்மா சாகும்வரை அப்படித்தான் நம்பினார். அந்தச் சொந்தக்காரருக்கு அம்மா நன்றி சொல்லி எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டதே நான்தான். அக்கா அத்தானின் தண்டனை முடியும்வரை காத்திருந்து, வெளியே வந்த மாதமே அவரைக் கட்டியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை. துவக்கு எதற்காம் என்று கேட்டேன். “சிறைக்குப் போகேக்க அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. அங்க வாசிக்கக் குடுத்த புத்தகங்களில, படம் போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் பேர் எழுதியிருந்தது ஒண்டுதான். இந்தத் துவக்குகளைப் பற்றினது. அதைப் பாத்துத்தான் இங்கிலிஷ் படிச்சவராம்.” பிறகு, “எனக்கு அப்பிடிச் சொன்னவர். அதுவும் உண்மையோ தெரியாது,” என்றாள்.

என் கணவர் பயந்தது நியாயம்தான். அவர் அப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரு லோயரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுவந்தார். துவக்குகள் உண்மையாகவே என்னுடையவை என்றால் பிழையில்லை. அத்தானுக்காக நான் பார்த்து வைத்திருக்கிறேன் என்றால் அவை அவர் கையில் இருப்பதற்குச் சமம் என்றாராம் லோயர். “அப்ப அண்ணா வந்து எண்ணெய் போடு, துடைன்னு சொல்றதுகூட ஆபத்துதான்,” என்றார் என் கணவர். யார் இதை அத்தானிடம் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகும் அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் துவக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் இறக்கிக்கொண்டு வந்து துடைத்தால் டிவியைப் பார்த்தார். பிழையான எண்ணெயை வேண்டுமென்றே கையில் எடுத்துப் பார்த்தேன். அவருடைய தாடை மட்டும் அசைந்தது.

கடைசியில் நேரடியாகவே கேட்டேன், வைத்திருக்கவா, விற்கவா என்று. அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். “பிள்ளை, அது உன்ர சாமான். நான் சொல்லக் கூடாது.” அவர் வைத்திருக்கச் சொன்னார் என்று ஒருநாள் தோன்றும். கொண்டுபோய்த் தொலை, இந்த ஞாயிறுகளிலிருந்து என்னை விடு என்று கெஞ்சினார் என்று மறுநாள் தோன்றும். இரண்டு மாதம் இப்படி அலைந்தேன். பிறகு, அவற்றில் பலவற்றை அத்தானுக்கு விற்ற வியாபாரிக்கே போன் செய்தேன்.

வியாபாரி நரைத்த தலை ஆங்கிலேயர். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேனோடு வந்தார். அக்காவுக்குச் சொல்லியிருந்தேன், அவள் அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அத்தானைக் கண்டதும் வியாபாரிக்குப் பெரிய சந்தோஷம். இவ்வளவு துப்புரவாக வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். இது என் மச்சாளுடையது, எனக்குத் தெரியாது என்று அத்தான் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். வியாபாரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தான் கொண்டுவந்த நீளப் பெட்டிக்குள் அடுக்கினார். பெட்டி பாரம். மறுபக்கத்தைப் பிடிக்கும்படி அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கு இடுப்பு நோவு என்றார். என் கணவர் வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நான் ஒரு அடி எடுத்துவைப்பதற்குள் அக்கா குனிந்து மறுபக்கத்தைத் தூக்கினாள். இத்தனை வருடமாகப் புறுபுறுத்தவள், முன்கதவைத் தாண்டி, மூன்று படி இறங்கி, ரோட்டில் நின்ற வேன்வரை ஒரு இடத்திலும் இறக்கி வைக்காமல் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. முகம் நனைந்திருந்தது. வியர்வை என்று எடுத்துக்கொண்டேன். அத்தானை அவள் பார்க்கவில்லை.

வேன் போனபிறகு என் கணவர் வந்தார். நாலு பேரும் ஹோலில் நின்றோம். தரையில் ஏழு போர்வைகள் கிடந்தன. லொஃப்டில் துவக்குகளைச் சுற்றி வைத்திருந்தவை; அக்காவின் பழைய போர்வைகள், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போனவை. வியாபாரிக்கு அவை தேவைப்படவில்லை. அத்தான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கணவரிடம் திரும்பி, மிகவும் மரியாதையாக, லோயரிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

“தம்பி, இந்தப் போர்வையளை நான் தொடலாமோ?”

பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகவே தெரியாமல் கேட்டாரா என்று அவருடைய முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. என் கணவருக்கும் தெரியவில்லை என்பது அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் விளங்கியது.

“தொடலாம் அண்ணா,” என்றார்.

அத்தான் முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். முதல் போர்வையை எடுத்து உதறாமல், மூலையோடு மூலை வைத்து, நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அடுத்ததை எடுத்தார். அக்கா போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் ஏழு போர்வைகளையும் மடித்து முடிக்கும்வரை, நானும் என் கணவரும் வழியை விட்டு விலகத் தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.