ரத்துப் பத்திரமும் ஒரே வாசலும்

ரத்து என்றால் ரயில் ஓடாது என்றுதான் எனக்குத் தெரியும். அஞ்சாம் கிளாஸ் படிப்பு, அவ்வளவுதான். மாட்டுங்காவில் வக்கீலம்மா எதிரே உட்கார்ந்த அன்றுதான் அதன் முழு அர்த்தம் கேட்டேன்.

தாராவியில் என் ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் ஒரே சுவர். அந்த ரூம்காரன் எங்கள் ஊர்ப் பக்கம். தையல் கார்கானா வைத்திருக்கிறான், என்னைச் சித்தி என்பான். என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு, “தனியா எதுக்குப் பொங்கித் திங்கிய? நான் சோறு போடுதேன். ஒரு மூலையில கட்டில் போட்டு இருங்க. உங்க காலத்துக்குப் பொறவு ரூம் எனக்கு” என்றான். ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே சுவரை இடித்தான். மிஷின் போட இடம் வேண்டுமென்று என் வாசலையும் செங்கல் வைத்து அடைத்தான்.

சர்வேக்காரர்கள் வந்தபோது இருந்தது ஒரு வாசல். அதில் ஒரு நம்பர் எழுதினார்கள். ஏரியாவை இடித்துக் கட்டும்போது நம்பருக்கு ஒரு வீடு சர்க்கார் தரும். என்னைக் காட்டி, “யே கோன்?” என்றார்கள். “மேரி மௌசி”, என் சித்தி என்றான். என் ரூம் தனி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நாலு ஆம்பிளைகள் முன்னால் அவனைப் பொய்யனாக்க எப்படி மனசு வரும்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

அதோடு சோறும் நின்றது. கேட்டால், “இன்னைக்கு ஆர்டர் ஜாஸ்தி சித்தி, வடாபாவ் வாங்கிக்கிடுங்க.” ஆர்டர் தினமும் ஜாஸ்திதான்.

வக்கீலம்மா சொன்னாள்: “பேசினபடி நடக்கலைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ணலாம்மா. அரபியிலேர்ந்து வந்த வார்த்தை, திருப்பி விடறதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல ரிஸிஷன்னு சொல்லுவா. அது லத்தீன், வெட்டி விடறது. எப்படிச் சொன்னாலும், கையெழுத்துக்கு முன்னாடி யார் எங்க இருந்தாளோ, அங்கயே திரும்பிடணும்.”

கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

வக்கீல் நோட்டீஸ் போனதும் சண்டைக்கு வருவான் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். “ரத்துதான சித்தி? தாராளமா எடுத்துக்கிடுங்க. இடையில தட்டி வச்சித் தாரேன்.”

“என் வாசல்?”

“அதைத் தொறந்தா சர்வேக்குப் பொறவு மாத்திக் கட்டினோம்னு நோட்டீஸ் ஒட்டுவான். எனக்கும் வீடு போயிரும், பாத்துக்கிடுங்க.”

உங்க ரூமுக்குத் தனி நம்பர் வாங்க வேறே கேஸ் போடணும், வருஷக்கணக்கா இழுக்கும் என்றாள் வக்கீலம்மா.

ரத்துப் பத்திரம் என் தகரப்பெட்டியில் இருக்கிறது. பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கம் என் ரூம். அங்கே போக அவன் வாசலில் நின்று, “யய்யா, கொஞ்சம் வழி விடு” என்கிறேன். மிஷினை நிறுத்தாமல் காலை மட்டும் ஒடுக்கிக்கொள்கிறான்.