கோரா நிறப் பளிங்கு

என் வீட்டுக் கூடத்தில் பதித்திருக்கும் வெளிர் பழுப்பான பீஜ் நிறப் பளிங்கைப் பெயர்த்து எறிய வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். எறியவில்லை. கல்லின் மீது எனக்கு என்ன கோபம்? கல் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. நிறுத்தியவன் நான்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு ஓரிக்கைப் பக்கம் வீடு கட்டினேன். உள் அலங்காரத்துக்கு வந்த இளைஞன் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினான்.

"பீஜ் மார்பிள்தான் சார் இப்போ. தரைக்கும் அதே, டிவி சுவருக்கும் அதே. வார்ம் லைட் போட்டா ஹோட்டல் லாபி மாதிரி இருக்கும்."

வீடு எதற்கு ஓட்டல் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கல் வாங்கத் தம்பியையும் அழைத்துப் போனேன். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். நிறத்தில் அவன் கண் தப்பாது. சாய்த்து வைத்திருந்த பலகைகளில் தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒரே சாயலில் இருந்தவற்றை அவனே பொறுக்கிக் கொடுத்தான். பிறகு சிரித்தான்.

"இது சாயம் போடாத கோரா பட்டு கலர்ண்ணா. நான் ஊருக்கே கலர் போட்டுக்கினு இருக்கறேன், நீ கோராவுல குந்தப் போறியா?"

குடிபுகுந்த மறுமாதம் எனக்குக் காய்ச்சல். யாரோ சொல்லக் கேட்டு, தம்பி சாயத் தொட்டியை விட்டு அப்படியே ஓடி வந்தான். செருப்பை வாசலில் கழற்றினான். ஈரக் கால். மூன்று அடி வைத்தான். மூன்றும் அரக்கு நிறத்தில் பதிந்தன.

"அங்கயே நில்லுடா. காலப் பாரு."

"மொதல்ல அவர உள்ள வர வுடுங்க" என்றாள் என் மனைவி.

பளிங்கில் நுண்துளைகள் உண்டு, நிறத்தை உறிஞ்சிவிடும் என்று காய்ச்சலோடு நான் பாடம் எடுத்தேன். சொன்னது முழுக்கச் சரி. தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் மண்டியிட்டுத் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சாயம் உள்ளே இறங்கியது. "தேய்க்காதடா, நாசம் பண்ணிட்ட" என்று கத்தினேன். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நிற்கச் சொன்னேன். என்னைவிட நான்கு வயது இளையவன், அறுபதைத் தாண்டியவன், தாளின்மேல் நின்றான்.

"ஜொரம் கொறஞ்சுதாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டதில் இரண்டு தடங்கள் மறைந்தன. ஒன்று போகவில்லை. அதன்மேல் பூந்தொட்டியை வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் எதற்கு வந்தாலும் வெளிக்கேட்டோடு நின்றுவிடுவான். தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்த அன்றுதான் படிவரை ஏறினான். வெற்றிலை, பழம், மேலே பத்திரிகை. படிக்கு அந்தப் பக்கமே நின்று தட்டை நீட்டினான். வாசற்படிக்குக் குறுக்கே எதையும் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. அதுவும் கல்யாணத் தட்டை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உள்ள வாடா."

"வேணாண்ணா. கால்ல சாயம்."

சாயம் இல்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தான். நானாவது வெளியே இறங்கி வாங்கியிருக்கலாம். ஓரடிதான். குத்திக் காட்டுகிறான் என்ற ஆத்திரத்தில் உள்ளே நின்றபடியே கையை நீட்டி வாங்கினேன். படித்தவன், பெரியவன், கீழே இறங்கக் கூடாது அல்லவா? அந்தத் திமிரைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைக்க நானே அவனிடம் போனேன். கொதிக்கும் தொட்டியில் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"தப்பு பண்ணிட்டேன்டா. நீயும் வரணும்."

"அவங்கள அனுப்பறேண்ணா." நூலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அன்று காலையில்தான் பூந்தொட்டியை நகர்த்தியிருந்தேன். மருதாணி வைத்த காலோடு அந்தப் பெண் படியிலேயே நின்றாள்.

"பேப்பர் போடலியா பெரிப்பா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாம்மா" என்றேன்.

உள்ளே வந்தவள் அந்தத் தடத்துக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தாள். குதிகாலும் ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன.

"அப்பா காலா இது?"

"ஆமாம்மா."

அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனாள்.