நோட்டில் மூணு லட்சுமி

மூணு வருஷம் முன்னால், ஆடி மாசம். அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருந்தேன்.

வீட்டு வேலைக்கு வருபவர்களில் மூணு பேருக்கு லட்சுமி என்று பேர். மூணு பேருக்கும் வீடு பக்கத்து மேனாம்பேட்டில். கேட் நோட்டில் வெறும் லட்சுமி என்று மூணு தடவை எழுதி, பக்கத்தில் அவங்கவங்க வீட்டு போன் நம்பரைக் குறித்திருந்தேன். ஆளைப் பார்த்தால் தெரியுமே என்ற நினைப்பு.

மூணு பேரில் மூத்தவர் சொல்லிச் சிரிப்பார். "துட்டு கொட்டும்னு இந்தப் பேரு வச்சாங்கண்ணா. பாத்திரம்தான் கொட்டிக் கெடக்குது."

அந்தம்மாதான் ஒருநாள் காலையில் மாடிப்படியில் விழுந்தார். தலையில் அடி. "எம் பொண்ணுக்கு சொல்லுண்ணா" என்றார்.

கேட்டுக்கு ஓடி நோட்டைப் பிரித்தேன். கண்ணில் பட்ட முதல் லட்சுமி நம்பருக்குப் போன் போட்டேன். ஆம்பளை எடுத்தார். மருமகன் போல என்று நினைத்து, லட்சுமிக்கு அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன்.

அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "பொண்ணு வந்துட்சா?"

"வந்துகினே கீதும்மா" என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ.

போனை எடுத்த ஆள் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். கட்டிலைப் பார்த்தார். "இது எம் பொண்டாட்டி இல்லய்யா."

அங்கேயே அவர் மனைவிக்குப் போன் போட்டார். மனைவி மூணாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்தார்.

"அப்போ இந்தம்மா ஊட்டுக்கு யாரு சொன்னது?"

இன்னும் யாரும் சொல்லலை என்றேன். நோட்டு கேட்டில் இருந்தது. அவர் காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேனாம்பேடு போய், தெருத் தெருவாக விசாரித்து, அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தார்.

அதற்குள் அந்தம்மா போய்விட்டார்.

நடந்ததை நானே அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"கடைசியா இன்னா கேட்டுச்சு எங்கம்மா?"

"நீ வந்துட்டியான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"வந்துகினே கீதுன்னு சொன்னேன்."

தலையை மட்டும் ஆட்டியது.

இப்போது வேறு இடத்தில் வேலை. யார் வந்து லட்சுமி என்றாலும், எந்தத் தெரு, வீட்டில் யார் யார் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். சலித்துக்கொள்கிறார்கள். கொள்ளட்டும்.

ஊரில் எத்தனை லட்சுமி இருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒருத்திதான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.