கை தூக்கிய மத்தியானம்

எண்பத்தெட்டில் நான் பி.ஏ. சரித்திரப் பரீட்சைக்கு, தோற்ற போருக்குப் பின் ஜெர்மனியில் பிறந்த குடியரசு ஏன் தள்ளாடியது என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். தோல்விக்கு உள்ளூரிலேயே துரோகிகளைத் தேடினார்கள். தெருக் கும்பல்கள் தலைவர்களைச் சுட்டன. பழைய மன்னர் காலத்து நீதிபதிகளோ கொலைகாரர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். முட்டாள்கள், நாமாக இருந்தால் ஒழுங்காக நடத்தியிருப்போம் என்று எனக்கு மிதப்பு.

நடத்திக் காட்ட ஒரு தெருவும் கிடைத்தது. சர்க்கார் ஆட்டம் கண்டு, பர்மாத் தலைநகரில் எங்கள் லான்மடாப் பேட்டையில் போலீஸ் காணாமல் போயிருந்தது. தெருமுனையில் மூங்கில் வேலி கட்டி நாங்களே குழு அமைத்தோம். டீக்கடைக்காரரான ஒரு பர்மியர் தலைவர். படித்தவன் என்று என்னை எழுத்தராக்கினார்கள். குழுவில் தமிழன் நான் ஒருவன்தான்.

குடிதண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. ஒரு மத்தியானம், வழிப்போக்கருக்காக வைத்திருந்த பானையில் வெள்ளைப் பொடி போட்டவனைப் பிடித்து இழுத்து வந்தார்கள். சைக்கிள் சங்கிலியால் அடித்ததில் ஒரு காது கிழிந்து தொங்கியது. பர்மியில் அவன் சொன்னது எதுவும் கூச்சலில் எடுபடவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான்.

“படிகாரம் அண்ணே. தண்ணி கலங்கலா இருந்துச்சு, தெளியட்டும்னு போட்டேன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில எல்லாரும் போடுறதுதான். அந்தப் பொட்டலத்தக் குடுங்க, நானே தின்னு காட்டுறேன்.”

எங்கள் வீட்டிலும் அதைப் போட்டுத்தான் தண்ணீரைத் தெளிய வைப்போம்.

“என்ன சொல்றான் உங்க ஆளு?” என்று தலைவர் பர்மியில் கேட்டார். ‘உங்க ஆளு’ என்றதும் அவனுக்குப் பக்கத்தில் என்னையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன்.

“சரியாப் புரியல. எதுவானாலும் ஓட்டுக்கு விடுங்க. நாம ரவுடிங்க இல்ல” என்றேன்.

கொன்றுவிடலாமா என்று தலைவர் கேட்டதும் கைகள் எழுந்தன. பக்கத்திலிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தூக்கினேன். அதைப் பார்த்த பிறகு அவன் கெஞ்சவில்லை. முதல் வெட்டு தோளில் பட்டது. மூன்றாவதில்தான் அடங்கினான். என் சட்டையிலும் ரத்தம் தெறித்தது.

கூட்டம் கலைந்ததும் மேசையில் கிடந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். துவர்த்தது. படிகாரம்தான். அவன் உயிரோடு இருந்தபோது அந்தச் சிட்டிகைக்கு எனக்குத் துணிவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

தலைவர் கை கழுவிவிட்டு வந்து, “எழுதியாச்சா?” என்றார்.

அதற்குப் பிறகுதான் குழுவின் ஏட்டைத் திறந்தேன். ‘விஷம். ஒருமனதான தீர்ப்பு’ என்று எழுதினேன்.