கம்பி தொடாத கண்டக்டர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில்தான் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். தோள் மட்டும் கதவு அகலத்துக்கு இருந்தது, கால்கள் குச்சி. மலைப்பாதையில் பஸ் எப்படி ஆடினாலும் அவர் கம்பியைப் பிடிக்கவில்லை. ஒரு கம்பிகூடத் தன்மேல் படாமல் உடம்பை வளைத்து நழுவினார். ஆனால் நின்றவர்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டே போனார். யாரோ முனகியதற்கு, “ஒதுங்கி நில்லு” என்று சீறினார்.

என் விலாவிலும் ஒன்று விழுந்ததும் கேட்டுவிட்டேன். “கம்பியப் புடிச்சா ஷாக் அடிக்குமா?”

“படகுப் போட்டியில நான் சாம்பியனுங்க. காட்டாத்துக்கு மேல கம்பு ரெண்டு ரெண்டா தொங்கும், நடுவுல படகோட பூந்து வரணும். லேசா பட்டாலும் கம்பு ஆடிடும். ஆடுனா நம்ம நேரத்துல ரெண்டு செகண்டு கூட்டிடுவானுங்க. வரிசையா ஜெயிச்சினு வந்தேன், கடைசிப் போட்டி அப்டித்தான் கம்பு ஆடிப் போச்சு. இப்ப இந்தப் பையத் தூக்கிக்கினு கெடக்கறேன்.”

“ஆள இடிச்சா?”

“ஆத்துல ஏதுங்க ஆளு?”

அடுத்த வளைவில் பஸ் சடாரென்று திரும்பியது. கைக்கெட்டும் தூரத்தில் கம்பி இருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு, நின்றிருந்த ஒரு பெரியவர்மேல் போய் விழுந்தார். பெரியவரின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

கண்டக்டர் எழுந்தார். பெரியவர் பக்கம் திரும்பவே இல்லை. தரையோடு முடுக்கியிருந்த அந்தக் கம்பி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.